பீடில் அப்பாவும் ஒரு கட்டச் சாரமும்

எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் டெலிபோன் இருக்கவில்லை. டெலிபோன் டிரெக்டரி மட்டும் இருந்தது. தேவாலயக் கந்தோரில் கழித்துவிட்ட பழைய புத்தகம் அது. சனிக்கிழமை பின்னேரங்களில் அப்பா அதை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு குசினி வாசலிலிருந்து முன்கதவு வரைக்கும் நடப்பார். முதுகு நிமிர்ந்திருக்கும், முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும், பார்வை நேரே இருக்கும். அம்மா கறிச்சட்டியோடு குறுக்கே வந்தால் வாய் திறக்கமாட்டார். அவ கடந்து போகும்வரை நின்று, விட்ட அடியிலிருந்து திரும்பவும் தொடங்குவார். "உந்தக் கூத்தை இன்னும் எத்தினை வரியத்துக்கு ஆடப்போறியள்?" என்று அம்மா கேட்பா. நான் ஒருமுறை, உண்மையான வேதப் புத்தகத்தை வைத்தே பழகினால் என்ன என்று கேட்டேன். "பழகிறதுக்கு அதைத் தூக்கிறதோ, பிள்ளை?" என்றார். ஏதோ நான் சாமான் களவெடுக்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார்.

அப்பா, காலி வீதியோரம் கடற்காற்றுப் படும் தூரத்தில் இருந்த ஒரு ஸ்கொத்லாந்துக்காரர் தேவாலயத்தில் பீடில். இந்தச் சொல்லைக் கேட்டு முழிக்காத ஓர் ஆளை நான் இதுவரை சந்திக்கவில்லை, ஆகவே சொல்லிவிடுகிறேன். அந்தச் சபைகளில் ஆராதனை தொடங்கும்போது பாஸ்டர் முதலில் வருவதில்லை, வேதப் புத்தகம்தான் முதலில் வரும். அதைச் சுமந்து வருகிறவர்தான் பீடில். சபை எழுந்து நிற்பது பாஸ்டருக்காக அல்ல, புத்தகத்துக்காக. பீடில் படியேறிப் பிரசங்க பீடத்தில் அதை வைத்து, இறங்கி, பாஸ்டரை மேலே ஏறவிட்டு, பீடத்தின் சின்னக் கதவைச் சாத்திவிட்டுத் தன்னுடைய நாற்காலியில் போய் இருப்பார். அதன்பிறகு ஆராதனை முடியும்வரை ஒரு சொல் பேசக்கூடாது. மற்ற ஆறு நாளும் அதே ஆள்தான் அந்தக் கட்டடத்துக்குத் திறப்புக்காரர், கூட்டுகிறவர், மணி அடிக்கிறவர், பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றுகிறவர். எங்கள் சொந்தக்காரர் சிலர் அதை "காவல்கார வோச்சர் வேலை" என்பார்கள். அப்பா திருத்தமாட்டார். நான் திருத்துவேன், கல்யாண வீடென்றும் பாராமல் சத்தமாகவே திருத்துவேன். இந்த வயதிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் கட்டிய பள்ளிக்கூடம் ஒன்றில் படித்தவர் அப்பா. இளவயதில் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு சாமான் கிட்டங்கியில் வேலை பார்த்து, பிறகு யாரோ சொல்லி இந்தத் தேவாலயத்துக்கு வந்தார். அவர் வந்தபோதே வெள்ளைக்காரர் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். தேயிலைத் தோட்டத்துத் துரைமார், கப்பல் கொம்பனிக்காரர், துறைமுகத்து இஞ்சினியர்மார் என்று அந்த வாங்குகளை நிரப்பியிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நான் அறிந்த காலத்தில் ஓகன் வாசித்தவர் ஒல்லாந்தர் வழிக் கலப்பினத்து ஒரு பறங்கி டீச்சர், செஷன் என்கிற மூப்பர் சபையின் தலைவர் ஒரு சிங்கள லோயர், பாட்டுக்குழுவில் பாதிப்பேர் தமிழர். பாஸ்டர் ஒருவர்தான் ஸ்கொத்லாந்திலிருந்து முறைவைத்து வந்து போவார். ஆனாலும் நவம்பர் கடைசி ஞாயிறு வந்துவிட்டால் அந்தக் கட்டடம் முழுவதும் ஸ்கொத்லாந்தாகிவிடும். அன்றைக்குத்தான் டார்டன் ஆராதனை.

டார்டன் என்பது அவர்களுடைய கட்டம் போட்ட துணி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு கட்டம். நாட்டைவிட்டுப் போனவர்கள் தங்கள் துணியைத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். இருபத்திரண்டு துணிகள் ஒரு பலகை றங்குப் பெட்டியில் மடித்து, பூச்சி உருண்டை போட்டு, பாஸ்டர் அங்கி மாற்றும் வெஸ்திரி அறையில் இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் குடும்பப் பெயர் எழுதிய நாடா தைத்திருக்கும். அந்த ஞாயிறு ஒருவர் பை வைத்து ஊதும் ஸ்கொத்லாந்துப் பைப் வாசித்துக்கொண்டு முன்னே போக, இருபத்திரண்டு பேர் இருபத்திரண்டு துணிகளைச் சுமந்து பின்னே போவார்கள். பாஸ்டர் அவற்றை ஆசீர்வதிப்பார். துணி சுமக்கிறவர்களில் வெள்ளைத்தோல் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பைப் வாசிக்கிறவர், ஆமியோ பொலிசோ, சீருடைக்காரர்களின் வாத்தியக் குழு ஒன்றிலிருந்து இரவல் வாங்கப்பட்ட சிங்களவர். பெட்டிப் பூட்டின் திறப்பு அப்பாவின் இடுப்பில் இருக்கும்.

அப்பாவுக்கு அந்த ஆராதனையில் எல்லாவற்றிலும் பெரிய விருப்பம் அதன் கதையில்தான். வீட்டுக்கு யார் வந்தாலும், தேத்தண்ணி ஆறுவதற்குள் அதைத் தொடங்கிவிடுவார். "ஒரு காலத்திலை இங்கிலிஸ்காரன் இவையளின்ரை துணியைத் தடை செய்துபோட்டான், தெரியுமோ? உடுத்தால் பிடிச்சு மறியலிலை போடுவான். இவையள் என்ன செய்தவை? ஒரு சின்னத் துண்டை வெட்டி, உடுப்புக்கு உள்ளுக்கை ஒளிச்சுக்கொண்டு சேர்ச்சுக்குப் போவினம். ஆசீர்வாதம் சொல்லேக்கை கையை உள்ளுக்கு விட்டுத் துணியைத் தொட்டுக்கொள்ளுவினம். ஆருக்கும் தெரியாது. ஆண்டவருக்கு மட்டும் தெரியும்." இதைச் சொல்லும்போது அவருடைய வலது கை தானாகச் சட்டைப் பொக்கற்றுக்குப் போகும். அந்தக் காலத்தில் கொழும்பில் தமிழராக இருந்தவர்களுக்கு இதில் எங்கே மனம் தொட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் தமிழில் கதைக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த வருடங்கள் அவை.

அந்தக் கதைக்கு மண் அள்ளிப் போட்டவர் புதிதாக வந்த இளம் பாஸ்டர். நல்ல மனிதர், ஆனால் உண்மை என்றால் விடாப்பிடி. ஓர் ஆராதனை முடிந்த தேத்தண்ணி நேரத்தில், பற்றீஸைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவிடமே சொல்லிவிட்டார். தடை இருந்தது மெய்தான், ஆனால் துணியை ஒளித்து ஆசீர்வாதம் வாங்கியதற்கு ஒரு சான்றும் கிடையாது. இந்த ஆராதனையே இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவில் தொடங்கியது. அங்கே குடியேறிய ஸ்கொத்லாந்துப் பிரசங்கி ஒருவர், யுத்தத்தில் அடிபட்டுக் கிடந்த தாய்நாட்டுக்கு உதவி சேர்ப்பதற்காகத் தொடக்கியது. ஸ்கொத்லாந்தில் முக்கால்வாசிப் பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள் என்று வேறு சொல்லிச் சிரித்தார்.

அப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டே திடீரென்று சொன்னார்: "அமெரிக்காக்காரன் எண்டால் என்ன இப்ப? எங்களுக்கும் அவன்தானே சிலேட்டும் பென்சிலும் தந்தவன். அதுக்காக நான் படிச்ச எழுத்து என்ரை இல்லையெண்டு ஆகுமோ?" கதை போனால் போகட்டும், துணி மெய், பெயர் மெய் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். அன்றிலிருந்து கதை சொல்வதை விட்டார். ஆனால் பெட்டியை முன்னையிலும் இரட்டிப்புக் கவனத்தோடு பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு கிழமையும் திறந்து, துணிகளை உதறி, மடிப்பு மாற்றி வைப்பார். பொய் என்று ஒன்று கலந்துவிட்டது தெரிந்தபிறகு, மிச்சத்தில் பொய் இருக்கக்கூடாது என்பது அவருடைய எண்ணம். பெட்டியின் அடியில் இருந்த கரும்பச்சையும் நீலமும் கலந்த, மெல்லிய சிவப்புக்கோடு ஓடிய ஒரு துணி அவருக்கு மிகவும் பிடிக்கும். அது துறைமுகத்து இஞ்சினியர் ஒருவர் கொடுத்தது. கொச்சிக்கடைப் பக்கம் குடியிருந்தவராம்.

மறு வருடம் ஒக்டோபரில், விடிந்தும் விடியாத நேரத்தில் பொலிஸார் எங்கள் வீடிருந்த ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருந்த ஆண்கள் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். அப்பாவையும் ஏற்றினார்கள். ஐம்பத்தாறு வயது மனிதர், பல்லு விளக்கிக்கொண்டு நின்றவர், தோளில் துவாயோடு போனார். பதினொரு நாள் ஒரு பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள். முதல் நாள் பார்க்கப் போனபோது அவர் எங்களிடம் கேட்டது சாப்பாடும் இல்லை, மாற்றுடுப்பும் இல்லை. "சேர்ச்சுக்குச் சொல்லிப் போடாதையுங்கோ. காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ" என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்தது. லோயர் ஐயா ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே விட்டுவிடுவார்களே என்றா. அப்பா தலையை ஆட்டினார். "சும்மா பிடிப்பாங்களோ எண்டு ஒருத்தர் நினைச்சாலும் போதும். பிறகு நான் புத்தகத்தைத் தூக்கேலாது." அவ்வளவுதான் பேச்சு. நான் தேவாலயத்துக்குப் போய், டெங்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைசியில் எங்கள் வீட்டுச் சொந்தக்காரரான சிங்கள ஐயாதான் தானாக வந்து, இவர் என்னுடைய வாடகைக்காரர், இருபது வருடமாகத் தெரியும் என்று எழுதிக் கொடுத்து வெளியில் எடுத்தார்.

அப்பா வீட்டுக்கு வந்து குளித்தார், சாப்பிட்டார், நேரே பெட்டியைப் பார்க்கப் போனார். போனவர் பின்னேரம் திரும்பி வந்து என் முன்னால் ஒரு கிழிந்த துண்டை வைத்தார். உள்ளங்கை அளவுதான் இருக்கும். கரும்பச்சை, நீலம், ஒரு சிவப்புக்கோடு, மூலையில் பெயர் நாடா. மழைக்கு வெஸ்திரிச் சுவர் ஊறி, கறையான் ஏறி, பெட்டியின் அடிப்பலகையைத் தின்று உள்ளே போயிருந்தது. மேலே இருந்த இருபத்தொரு துணிகளிலும் ஒரு பொட்டுச் சேதம் இல்லை. அடியில் இருந்த இது மட்டும் மண்ணாகிவிட்டது. அதுதான் போகட்டும் என்றால், இஞ்சினியரின் பேத்தி ஒருவர், ஸ்கொத்லாந்தில் பள்ளிக்கூட டீச்சர், தன் பாட்டனாரின் துணியைத் தானே சுமந்து போவதற்காக நவம்பரில் வருகிறேன் என்று பாஸ்டருக்குக் கடிதம் போட்டிருந்தார். கடிதம் வந்தது அப்பா உள்ளே இருந்த நாட்களில். பாஸ்டர் அதைச் சந்தோசமாக அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். சொன்னால், ஏன் அத்தனை நாள் பெட்டியைத் திறக்கவில்லை என்ற கேள்வி வரும். காய்ச்சல் என்றால் வேறு யாரிடமாவது திறப்பைக் கொடுத்திருக்கலாமே என்று வரும். ஒன்றை இழுத்தால் மற்றது வரும். கடைசியில் பொலிஸ் நிலையம் வரும். அப்பா அந்தத் துண்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை கடை கடையாக அலைந்தார். புறக்கோட்டையில் ஏறாத புடவைக்கடை இல்லை. கடைசியில் எங்கள் ஒழுங்கை முகப்பிலேயே துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, துண்டை வாங்கி விரலால் உரசிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"மாஸ்டர், இதுக்கா இவ்வளவு நாள் அலஞ்ச? இது நம்மட ஆக்கள் இடுப்பில உடுக்கிற பலேகாட் சாரன் தானே. எங்கட வாப்பா புறக்கோட்டயில வித்த அதே கட்டம்."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சும்மா கதையாதையுங்கோ நானா. இது ஸ்கொத்லாந்துக் குடும்பமொண்டின்ரை துணி."

"எந்த லாந்து எண்டாலும் எனக்கென்ன? கம்பளியா இது? பருத்தி. தொட்டுப் பாருங்களேன்."

"வெள்ளைக்காரன் இஞ்சத்தை வெக்கைக்குப் பருத்தியிலை நெய்விச்சிருப்பான்" என்றார் அப்பா, பரிசுத்த வேதாகமத்தில் எழுதியிருப்பதுபோல. நானா மேலே தட்டிலிருந்து ஒரு சாரத்தை இழுத்துப் போட்டார். துண்டை அதன்மேல் வைத்தார். கட்டம் கட்டத்தோடு பொருந்தியது, சிவப்புக்கோடு சிவப்புக்கோட்டோடு போய்ச் சேர்ந்தது. அப்பா அதை ஆண்டவருடைய உதவி என்று எடுத்துக்கொண்டார். அவ்வளவு பொருந்துகிறதே, ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கு அப்போது இருபது வயது, எல்லாம் தெரியும் என்ற வயது.

சாரத்தின் மூட்டுத் தையலைப் பிரித்து, நீளத்துக்கு வெட்டி, ஓரம் அடித்து, பழைய நாடாவைப் புதுத்துணியில் தைத்தது நான்தான். என் கைவேலையைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனால் பழைய ஊசித் துளைகளிலேயே நூலை விட்டுத் தைத்தேன். யாருமே கண்டுபிடித்திருக்கமாட்டார்கள். அம்மா ஒரு மூலையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தா. முடிந்த பிறகு கேட்டா: "இஞ்சாருங்கோ, வேதப் புத்தகம் தூக்கிற கையாலை உதை எடுத்துக் குடுக்கப் போறியளோ?" அப்பா அந்தச் சனிக்கிழமை டிரெக்டரியோடு நடக்கவில்லை. அம்மா ஞாயிறு காலையில் சீலை உடுக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உடுத்தா.

தேவாலய வாசலில் அப்பா ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துணியாக எடுத்துக் கொடுத்தார். இஞ்சினியரின் பேத்தி மெலிந்த, நெட்டையான, வெயிலில் சிவந்த பெண். அப்பா துணியை நீட்டினார். அவர் அதை வாங்கிப் பெருவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு அப்பாவைப் பார்த்து முகம் மலரச் சிரித்து, நன்றி என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்த அப்பாவின் முகத்தை நானும் பார்த்தேன். யாராவது அடித்திருந்தால்கூட அவருக்கு அப்படி வலித்திருக்காது.

மணி அடித்தது. சபை எழுந்தது. அப்பா கறுப்பு அங்கியோடு புத்தகத்தைச் சுமந்து வந்தார். அவருடைய நடையில் ஒரு குறையும் இல்லை என்று நான் எந்தச் சபையிலும் சாட்சி சொல்லுவேன். புத்தகத்தை வைத்தார், கதவைச் சாத்தினார், போய் இருந்தார். பைப் முழங்க, துணிக்காரர்கள் வரிசையாக முன்னே போய் நின்றார்கள். பாஸ்டர் ஒவ்வொரு குடும்பப் பெயராகக் கூப்பிடத் தொடங்கினார். பெயர் கூப்பிட்டால் அந்தக் குடும்பத்தவர் சபையில் இருந்தால் எழுந்து நிற்கவேண்டும். ஒருவரும் எழும்பமாட்டார்கள், ஏனென்றால் எல்லாரும் எப்போதோ போய்விட்டார்கள். பாஸ்டர் ஒரு மூச்சு நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். இருபத்தொரு பெயர் அப்படித்தான் போனது. இஞ்சினியரின் குடும்பப் பெயரைச் சொல்வதற்குப் பாஸ்டர் வாயெடுத்தபோது, பேசக்கூடாத மனிதர் தன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அப்பா ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "அந்தப் பெயரைக் கூப்பிட வேண்டாம், ஐயா. அது அவர்களுடைய துணி இல்லை. அவர்களுடைய துணியைக் கறையான் தின்றுவிட்டது. இது நான் வெள்ளவத்தையில் வாங்கிய சாரம். எனக்குக் காய்ச்சலும் வரவில்லை. பதினொரு நாள் பொலிஸில் இருந்தேன். பெட்டி திறக்க ஆள் இல்லை." வசனங்கள் நேராக வந்தன. பைப் வைத்திருந்த சீருடைக்காரர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓகன் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் அம்மா அசையவில்லை.

முதலில் பேசியவர் முன்வாங்கில் இருந்த லோயர் ஐயா. "ஏன் எங்களிடம் சொல்லவில்லை? நாங்கள் அன்றைக்கே வந்திருப்போமே" என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிடத் துக்கம்தான் கூட இருந்தது.

"வந்திருப்பீர்கள் என்று தெரியும்" என்றார் அப்பா. "வந்து கூட்டிக்கொண்டு போன பிறகு, நான் புத்தகத்தைத் தூக்கி வருகிறபோது என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்றுதான் தெரியவில்லை."

லோயர் ஐயா தலை குனிந்துகொண்டார். அப்போதுதான் அந்தப் பேத்தி துணியோடு திரும்பி, சபையைப் பார்த்துப் பேசினார். தான் இதைச் சொல்வதா விடுவதா என்று வாசலிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்தாராம். அவருடைய பாட்டனார் கப்பல் கட்டும் துறையில் கூலிவேலை செய்த குடும்பத்துப் பிள்ளை. ஸ்கொத்லாந்து மலைநாட்டுப் பிரபுக்கள் கணக்கில் குடும்பத் துணி என்று அவர்களுக்கு ஒன்றும் இருந்ததில்லை. அந்த உலக யுத்தம் முடிந்தபின் ஒரு நவம்பரில் எல்லாரும் தத்தம் துணியைக் கொண்டுவரவேண்டும் என்று தேவாலயத்தில் அறிவித்தபோது மனிதர் வெட்கப்பட்டு, புறக்கோட்டையில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடைக்குப் போய், பார்வைக்குக் கிட்டத்தட்ட இருந்த ஒரு சாரத்தை வாங்கி, பெயர் நாடா தைத்துக் கொடுத்துவிட்டார். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்று வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதம் பேத்தியிடம் இருக்கிறது. அந்தத் துணிச்சலைப் பார்க்கத்தான் அவர் இவ்வளவு தூரம் வந்தார். வாசலில் பருத்தியைத் தொட்டதும், இத்தனை வருடம் யாரோ இதை இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்களே என்றுதான் சிரித்தாராம்.

முதலில் சிரித்தவர் பாஸ்டர். உண்மைக்கு உயிரை விடுகிற அந்த மனிதர், பிரசங்க பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு தேவாலயம் முழுவதும் சிரித்தது. நானா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பளியை விட்டுவிட்டுக் கறையான் பருத்தியைத் தேடிப்போய்த் தின்றதும் உறைத்தது. பூச்சிக்குத் தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் நடுவில் நின்றபடி இருந்தார், உட்காருவதா வெளியே போவதா என்று தெரியாதவராக.

இதெல்லாம் நடந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. நவம்பர் ஆராதனை இன்றும் நடக்கிறது. வாசலில் கொடுக்கும் அச்சுத்தாளில், துணியை உடுப்புக்குள் ஒளித்துத் தொட்ட அந்தப் பழைய கதையைத்தான் இன்றும் போடுகிறார்கள். நான் இரண்டு முறை முறைப்பாடு சொல்லிவிட்டேன். வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு அதுதான் பிடிக்கும் அன்ரி, என்று கந்தோர்ப் பிள்ளை சொல்கிறாள். எனக்குக் கோபம் வருகிறது. அமெரிக்காவில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, சிங்களவர் ஊதி, பறங்கியர் வாசித்து, தமிழர் திறந்து பூட்டி, முஸ்லிம் கடைச் சாரத்தையும் சேர்த்துக்கொண்ட ஓர் ஆராதனைக்கு இன்னொருவரின் பழங்கதை எதற்கு? அந்த ஞாயிறு நடந்ததை நான் கண்ணால் கண்டேன். காய்ச்சல் என்று ஒளித்த மனிதர் ஒருவர், சீருடைக்கு முன்னால் எழுந்து நின்று, தன் வாயாலேயே பொலிஸ் என்ற சொல்லைச் சொன்னார். அவர் என்னுடைய அப்பா. இதைவிடப் பெரிய பெருமை எனக்கு வேறொன்றும் கிடையாது.

அந்த ஞாயிறு, சிரிப்பு அடங்கியதும் பாஸ்டர் பேத்தியிடம் கேட்டார், அப்படியானால் எந்தப் பெயரைக் கூப்பிடுவது என்று. பாட்டனாரின் சாரத்தைத்தான் கறையான் தின்றுவிட்டதே, என்றார் அவர். இது இவர் தேடி வாங்கிய துணி, இவருடைய பெயரைக் கூப்பிடுங்கள். நாடாவில் வேறு பெயர் இருக்கிறதே என்று யாரோ கேட்டதற்கு, நாடாவை அவிழ்க்கலாம் என்றார். பாஸ்டர் லோயர் ஐயாவைப் பார்த்தார். லோயர் ஐயா எழுந்து நின்று, செஷனுக்குச் சம்மதம் என்றார். அவர் மறுபடி உட்காரவில்லை.

பாஸ்டர் அப்பாவின் முழுப்பெயரையும், அவருடைய தகப்பனார் பெயரோடு சேர்த்து, நாக்கு இரண்டு இடத்தில் தடுக்க, உரத்துக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு வழக்கம்போல ஒரு மூச்சு நேரம் காத்திருந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருபத்தொரு பெயருக்கும் ஒருவரும் எழும்பாததைப் பார்த்துப் பழகிய கண்ணோடு, இதற்கு யார் எழும்புவார்கள் என்று நானும் மற்றவர்களைப்போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்போது, காலையிலிருந்து முகம் கொடுக்காத அம்மா சீலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்து, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தா.

"எழும்பு பிள்ளை" என்றா. "எங்களைத்தான் கூப்பிடுகினம்."